ஒழுகிய இடம்: லினக்ஸ் கெர்னலில் ஒரு மெமரி கசிவைத் தேடிப் பிடித்த குறிப்பு

ஒன்பதாவது நாள் இரவு இயந்திரம் மறுபடியும் படுத்துவிட்டது. 'உயிரோடு இருக்கிறாயா' என்று கேட்கும் பிங்குக்குப் பதில் வருகிறது, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் மட்டும் உள்ளே விட மறுக்கிறது. மானிட்டரை மாட்டிப் பார்த்தேன். மெமரி தீர்ந்தால் நிரல்களைக் கொன்று இடம் தேடும் ஓஓஎம் கில்லர் (லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் ஆள்) வரிசையாக வேட்டையாடியிருந்தது. முதலில் தரவுத்தளம், அடுத்து வலைச் சேவையகம், அப்புறம் சில்லறை ஸ்கிரிப்டுகள். இத்தனை பேரைப் பலி கொடுத்தும் மெமரி திரும்பி வரவில்லை. கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைத்தேன்.

இது பழைய வியாதி. முன்பும் இரண்டு மூன்று முறை இப்படி ஆனதால், ஞாயிறுதோறும் அதிகாலையில் தானாக ரீபூட் ஆகும்படி, நேரம் பார்த்து வேலைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். வைத்தியம் என்று சொல்ல முடியாது, வலி தெரியாமல் இருக்க ஒரு மாத்திரை. அது இரண்டு வருடம் வேலை செய்தது. இந்தத் தடவை இரண்டு வாரம் இடைவெளி இல்லாமல் அளவீடு எடுக்க வேண்டியிருந்ததால் அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் போட்டு அதை முடக்கினேன். ஒன்பதே நாள் தாங்கியது.

இயந்திரத்தைப் பற்றி: 2 ஜிபி ரேம், 5.10 கெர்னல், யூஎஸ்பி வழியாக இணைந்த ஒரு சென்சார் பலகை. பலகையை இயக்கும் டிரைவரை நானே, கெர்னலுக்குள் ஏற்றும் மாட்யூலாக எழுதியிருந்தேன். லிப்யூஎஸ்பி நூலகத்தை வைத்துக் கெர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண நிரலாகவே முடித்திருக்கலாம். கெர்னலுக்குள் கை வைத்துப் பார்க்கும் ஆசை யாரை விட்டது.

ரீபூட் ஆனதும் முதல் வேலையாகப் பழைய கெர்னல் பதிவைத் திறந்தேன். ஓஓஎம் கில்லர் யாரையாவது கொல்லும்முன் மெமரிக் கணக்கு முழுவதையும் பதிவில் கொட்டிவிட்டுத்தான் கொல்லும். பலர் 'கில்டு ப்ராசஸ்' என்ற வரியை மட்டும் படித்துவிட்டு, செத்தவனையே திருடன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குச் சற்று மேலே இருக்கும் வரிகளில்தான் விஷயம். என் பதிவில் 'ஸ்லாப் அன்ரீக்ளெய்மபிள்' (கெர்னல் தனக்காக வாங்கிய, மீட்க முடியாத மெமரி) என்பதற்கு எதிரே 3,89,120 என்று இருந்தது. அது பைட் கணக்கு இல்லை, பக்கக் கணக்கு; கெர்னல் மெமரியைப் பிரிக்கும் அலகுக்குப் பெயர் பக்கம். பக்கத்துக்கு 4 கேபி வீதம் பெருக்கினால் 1,520 எம்பி. இரண்டு ஜிபி இயந்திரத்தில் ஒன்றரை ஜிபியைக் கெர்னலே விழுங்கி உட்கார்ந்திருக்கிறது. ஓஓஎம் கில்லர் எத்தனை நிரல்களை வெட்டினாலும் இதில் ஒரு பைட் குறையாது.

ஒரு சாதாரண நிரலில் மெமரி கசிந்தால், அதாவது வாங்கிய மெமரியைத் திருப்பித் தர மறந்தால், அதற்கு ஒரு முடிவு உண்டு. நிரல் செத்ததும் அது வாங்கிய பக்கங்கள் அத்தனையையும் கெர்னல் திரும்ப எடுத்துக்கொள்ளும். கெர்னலே வாங்கி மறந்ததைத் திரும்ப எடுக்க அதற்கு மேலே ஆள் கிடையாது. ரீபூட் ஒன்றுதான். என் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை அதனால்தான் பலித்தது.

சரி, எங்கே ஒழுகுகிறது? நிமிடத்துக்கு ஒருமுறை மெமரி நிலவரம் சொல்லும், ப்ராக் அடைவில் உள்ள மெம்இன்ஃபோ கோப்பைப் படித்துச் சேமிக்க ஒரு ஸ்கிரிப்ட் போட்டேன். இங்கே ஒரு நாளை வீணாக்கினேன். 'மெம்ஃப்ரீ' எண்ணை வரைபடமாக்கி, அது இறங்குவதைப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்தேன். லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியைக் கோப்புகளின் கேஷாக வைத்துக்கொள்ளும், ஆகவே நல்ல ஆரோக்கியமான இயந்திரத்திலும் மெம்ஃப்ரீ இறங்கத்தான் செய்யும். பார்க்க வேண்டியது, உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லும் 'மெம்அவைலபிள்'. கெர்னல் கசிவு என்று சந்தேகம் இருந்தால் 'எஸ்அன்ரீக்ளெய்ம்', அதே மீட்க முடியாத ஸ்லாப். கேஷைக் காலி செய்யும் 'ட்ராப் கேஷஸ்' கோப்பில் 3 என்று எழுதிப் பார்த்தேன். மெம்ஃப்ரீ குபுக்கென்று ஏறியது, எஸ்அன்ரீக்ளெய்ம் அசையவில்லை. அதோடு அந்த ஒரு எண்ணை மட்டும் பின்தொடர்ந்தேன்.

மறுநாள் கிடைத்த வரைபடம் சாய்கோடாக இல்லை, படிக்கட்டாக இருந்தது. மணிக்கணக்கில் தரை மாதிரி நேராகப் போகும். திடீரென்று பத்து நிமிடத்துக்குள் ஏறத்தாழ 55 எம்பி ஏறும். மறுபடி தரை. ஒரு நாளில் மூன்று படிகள். எனக்கு இதைவிட நல்ல தடயம் கிடைத்திருக்க முடியாது. ஒவ்வொரு அளவீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகியிருந்தால் நேர்ச்சாய்வாக ஏறியிருக்கும். படி என்றால் எப்போதோ நடக்கும் ஏதோ ஒன்று காரணம். படி தொடங்கும் நேரங்களை, கெர்னல் பதிவைக் காட்டும் டிமெசேஜில் தேடினேன். மூன்றிலும் ஒரே வரி: 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்'. கேபிள் முனை லூசு என்பது எனக்கு எப்போதோ தெரியும். கதவை வேகமாகச் சாத்தினால்கூட இணைப்பு விட்டு வரும். தானாக மறுபடி ஒட்டிக்கொள்வதால் கண்டுகொள்ளாமல் இருந்தேன்.

அடுத்து, ஸ்லாப் கணக்கை உடனுக்குடன் காட்டும் ஸ்லாப்டாப் கருவி. கெர்னல் சிறு துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்த டப்பாக்களிலிருந்து எடுத்துக் கொடுக்கும்: கேமலாக்-192, கேமலாக்-256, கேமலாக்-512 என்று, எண் பைட் அளவு. ஒரு படி ஏறும்போது ஸ்லாப்டாப்பைத் திறந்து வைத்துப் பார்த்தேன். இந்த மூன்று டப்பாக்களிலும் எண்ணிக்கை ஏறுகிறது, அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவில். தனித்தனியாக மூன்று கசிவு இருந்தால் இப்படி ஒத்துப்போகாது. யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் மூன்று துண்டுகளைச் சேர்த்து வாங்கிவிட்டு, மூன்றையும் சேர்த்தே மறக்கிறார்.

யார் என்று டப்பாவின் பெயர் சொல்லாது. கேமலாக்-256இலிருந்து கெர்னலில் நூறு பேர் வாங்குவார்கள். அதற்காக, கெர்னல் தொடங்கும்போது படிக்கும் பூட் வரியில் 'ஸ்லப் டீபக்' அளவுருவை 'யூ' என்ற தேர்வோடு, இந்த மூன்று டப்பாக்களுக்கு மட்டும் போட்டு ரீபூட் செய்தேன். அப்படிச் செய்தால் ஒவ்வொரு துண்டோடும் அதை வாங்கிய ஃபங்ஷனின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். எல்லா டப்பாக்களுக்கும் போட்டால் சிறிய இயந்திரம் மூச்சுத் திணறும், ஆகவே பெயர் சொல்லிப் போடுவதே நல்லது. 5.10இல் இந்தக் கணக்கு சிஸ் அடைவில், அந்தந்த டப்பாவின் பெயருக்குள், 'அலாக் கால்ஸ்' என்ற கோப்பில் இருக்கும். புதிய கெர்னல்களில் அது டீபக்எஃப்எஸ்ஸுக்குள் 'அலாக் ட்ரேசஸ்' என்று மாறிவிட்டது.

முதலில் 192ஐத் திறந்தேன். 59,412 துண்டுகளை வாங்கியிருப்பது 'யூஎஸ்பி அலாக் யூஆர்பி', யூஆர்பி எனப்படும் யூஎஸ்பி விண்ணப்பத்துக்கு இடம் வாங்கித் தரும் கெர்னல் ஃபங்ஷன். அடடா, கெர்னலின் யூஎஸ்பி மையப் பகுதியிலேயே ஓட்டையா! அரை நாள் அந்த மூலநிரலைப் படித்தேன். உலகம் முழுக்க ஓடும் நிரலில் இவ்வளவு பெரிய ஓட்டை என் ஒருவன் கண்ணில் மட்டும் படுமா என்று அப்போது தோன்றவில்லை. பிறகுதான் 256ஐத் திறந்தேன். அதே 59,412. அதற்கு நேரே என் டிரைவரின் ரீட் ஃபங்ஷன். 512இலும் நானே. அந்தக் கோப்பு கடைசியாகக் கைநீட்டி வாங்கியவரின் பெயரைத்தான் சொல்லும், அவரை அனுப்பியவரைச் சொல்லாது. யூஆர்பியை வாங்கித் தரச் சொன்னதும் நான்தான்.

என் ரீட் ஃபங்ஷன் செய்வது இது. கோரிக்கையின் விவரங்களை வைக்க ஒரு ஸ்ட்ரக்சர் வாங்கும், அது 256 டப்பா. ஒரு யூஆர்பி வாங்கும், அது 192. யூஎஸ்பியில் ஒவ்வொரு தரவுப் பரிமாற்றத்துக்கும் நிரப்பித் தரவேண்டிய விண்ணப்பம் மாதிரி அது. பதில் வந்து விழ 512 பைட் பஃபர் ஒன்று வாங்கும். மூன்றையும் கோர்த்து, 'நிலுவைப் பட்டியல்' என்று நான் வைத்திருந்த லிங்க்டு லிஸ்டில் (ஒவ்வொன்றும் அடுத்ததன் முகவரியை வைத்திருக்கும் சங்கிலி) சேர்த்து, யூஆர்பியைச் சமர்ப்பிக்கும். வேலை நல்லபடியாக முடிந்தால், முடிவில் அழைக்கப்படும் கம்ப்ளீஷன் ஃபங்ஷன் பட்டியலிலிருந்து கழற்றி மூன்றையும் விடுவிக்கும். சமர்ப்பிப்பதே தோற்றால்? நான் எழுதியிருந்தது ஒரே வரி: 'ரிட்டர்ன் எரர்'.

சமர்ப்பிப்பு தோற்றால் கம்ப்ளீஷன் ஃபங்ஷன் ஒருபோதும் அழைக்கப்படாது. யூஆர்பியை ஏற்றுக்கொண்டால்தான் பொறுப்பு யூஎஸ்பி மையத்துக்குப் போகும். ஏற்கவில்லை என்றால் பொருள் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டை விட்டு வெளியேறியிருக்கிறேன்.

பலகை விடுபட்டதும் ஒவ்வொரு ரீடும் 'சாதனம் இல்லை' என்ற பிழையோடு திரும்பும். ஆனால் அது எப்படிப் பத்து நிமிடத்தில் அறுபதாயிரம் ஆனது? அதுவும் என் கைங்கரியமே. அளவீடு எடுக்கும் நிரலில், பிழை வந்தால் 10 மில்லிசெகண்ட் தூங்கிவிட்டு மறுபடி ரீட், பத்து நிமிடம் முயன்றும் பயனில்லை என்றால் கோப்பை மூடித் திரும்பத் திற என்று எழுதி வைத்திருந்தேன். நொடிக்கு 100 முறை, 600 நொடி. துண்டுகள் 256, 192, 512, கூட்டினால் 960 பைட். பெருக்கினால் 5 கோடியே 76 லட்சம் பைட், அதாவது 55 எம்பி. படியின் உயரம் அப்படியே வந்துவிட்டது. நாளுக்கு மூன்று படி, ஒன்பது நாளில் 27 படி, ஒன்றரை ஜிபி. கணக்கு இவ்வளவு நேர்த்தியாகப் பொருந்தியபோது, கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

காரணம் தெரிந்துவிட்டது, மூன்று வரி சேர்த்தால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். நல்லவேளை, நேராக அந்த இயந்திரத்தில் ஏற்றாமல் க்யூஎமுவில் ஒரு மெய்நிகர் இயந்திரம் அமைத்து, கசிவைத் தேடும் கேமெம்லீக்கும், மெமரியைத் தவறாகத் தொட்டால் பிடிக்கும் கேசானும் சேர்த்து 5.10ஐக் கம்பைல் செய்தேன். பலகையை அதற்குள் அனுப்பிவிட்டால், க்யூஎமு மானிட்டரில் 'டிவைஸ் டெல்' என்று அடித்தாலே யூஎஸ்பி பிடுங்கின மாதிரி. கேபிளை ஆட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கேமெம்லீக் 2009இல் 2.6.31 கெர்னலோடு சேர்ந்தது. குப்பை சேகரிப்பான் மாதிரி வேலை செய்யும், ஆனால் குப்பையை அள்ளாது, விரல் நீட்டிக் காட்டும். வாங்கப்பட்ட ஒவ்வொரு துண்டின் முகவரியையும் குறித்துவைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெமரியைத் துழாவி, எந்தத் துண்டின் முகவரி எங்குமே காணவில்லையோ அதை 'யாரும் சுட்டாத பொருள்' என்று சொல்லும். அவசரமென்றால் அதன் கோப்பில் 'ஸ்கேன்' என்று எழுதலாம்.

முதலில் திருத்தாத பழைய டிரைவரை ஏற்றி, பலகையைப் பிடுங்கி, 200 முறை மட்டும் ரீட் செய்யவிட்டு ஸ்கேன் போட்டேன். ஒன்றும் இல்லை. பத்து விநாடி பொறுத்து மறுபடி. ஒன்றும் இல்லை. கண்ணெதிரே ஒழுகுவது கேமெம்லீக்குக்குத் தெரியவில்லையா? கட்டமைப்பில் ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைத்து இரண்டு முறை கம்பைல் செய்து பார்த்தேன்.

சலித்துப்போய் சோதனை நிரலைக் கன்ட்ரோல்-சி போட்டு நிறுத்திவிட்டு, போகிற போக்கில் இன்னொரு ஸ்கேன் போட்டேன். '597 புதிய சந்தேகத்துக்குரிய கசிவுகள்' என்று வந்து விழுந்தது.

அந்த நிலுவைப் பட்டியல்தான் காரணம். தோற்ற கோரிக்கைகளை நான் பட்டியலிலிருந்து கழற்றவே இல்லை. கோப்பு திறந்திருக்கும்வரை டிரைவரின் சாதன ஸ்ட்ரக்சர் உயிரோடு இருக்கும். பட்டியலின் தலை அதில் இருக்கிறது, தலையிலிருந்து சங்கிலியாக எல்லாத் துண்டுகளையும் எட்டிவிடலாம். கேமெம்லீக் பார்ப்பது 'இதன் முகவரி எங்காவது இருக்கிறதா' என்பதை மட்டும். 'இதை இனி யாராவது தொடப்போகிறார்களா' என்பது அதற்குத் தெரியாது. நிரல் செத்து, கோப்பு மூடி, சாதன ஸ்ட்ரக்சர் விடுவிக்கப்பட்டதும் சங்கிலி அறுந்தது. ஒன்றோடொன்று கோர்த்தபடி அத்தனையும் அநாதையானது. கேமெம்லீக் மௌனமாக இருக்கிறது என்றால் கசிவு இல்லை என்று அர்த்தமில்லை. கசிந்ததை ஏதோ ஒரு பட்டியல் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

மும்மூன்றாக 200 என்றால் 600 வர வேண்டும், 597 ஏன்? எங்கோ கிடந்த பழைய மதிப்புகள் மூன்று பஃபர்களின் முகவரிகளாகத் தெரிந்திருக்கும், அந்த மூன்றும் மட்டும் தப்பியிருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் போட்ட ஸ்கேனில் மீதி மூன்றும் வந்தன.

இப்போது திருத்தம். சமர்ப்பிப்பு தோற்றால் யூஆர்பியை விடுவி, பஃபரை விடுவி, கோரிக்கையை விடுவி என்று மூன்று வரி எழுதி ஏற்றினேன். முதல் ரீடிலேயே கேசான் சிவப்புக் கொடி காட்டியது: 'டபுள் ஃப்ரீ'. கேசானின் அறிக்கை எனக்குப் பிடித்த விஷயம். துண்டை யார் வாங்கியது, முதலில் யார் விடுவித்தது, இப்போது யார் விடுவிக்கிறது என்று மூன்றையும் அழைப்பு வரிசையோடு அச்சிட்டுத் தரும். இரண்டு முறை விடுவிக்கப்பட்டது பஃபர். முதலில் விடுவித்தது யூஆர்பியை அழிக்கும் ஃபங்ஷன். யூஆர்பியை நிரப்பும்போது 'ஃப்ரீ பஃபர்' என்ற கொடியை நானே ஏற்றியிருந்தேன். அந்தக் கொடி இருந்தால், யூஆர்பி போகும்போது பஃபரையும் கூட்டிக்கொண்டு போகும். கம்ப்ளீஷன் பக்கத்தில் ஒரு வரி மிச்சமாகும் என்று அன்று செய்தது, சுத்தமாக மறந்துவிட்டது.

அந்த வரியை நீக்கி மறுபடி ஓட்டினேன். இந்த முறை இரண்டாவது ரீடில் 'யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ' (விடுவித்ததை மறுபடி தொடுவது), பட்டியலில் சேர்க்கும் இடத்தில். கோரிக்கையை விடுவித்தேனே தவிர பட்டியலிலிருந்து கழற்றவில்லை. அடுத்த கோரிக்கை வாலில் சேர வரும்போது, செத்துப்போன முந்தைய வாலில் போய்த் தன் முகவரியை எழுதுகிறது. இது முதல் ஓட்டத்திலும் நடந்திருக்கும். கேசான் இயல்பாக முதல் பிழையை மட்டும் அச்சிட்டுவிட்டு வாய்மூடிக்கொள்ளும் என்பதால் தெரியவில்லை. 'கேசான் மல்டி ஷாட்' என்று பூட் வரியில் போட்டிருந்தால் இரண்டையும் சேர்த்தே காட்டியிருக்கும்.

யோசித்துப் பார்த்தால், அந்த மூன்று வரித் திருத்தத்தை நேராக ஏற்றியிருந்தால் கசிவு நின்றிருக்கும். அதற்குப் பதில் கேபிள் ஆடும்போதெல்லாம் கெர்னல் மெமரி சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். ஒன்பது நாளுக்கு ஒருமுறை நின்றுபோகும் இயந்திரம் அதைவிட எவ்வளவோ மேல்.

கடைசி வடிவம், பிழை வந்தால் விடுவிக்கும் வரிகளுக்குத் தாவும் கெர்னல்காரர்களின் வழக்கமான 'கோட்டூ' படிக்கட்டு. வாங்கிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் இறங்குவது. சமர்ப்பிப்பு தோற்றால் முதலில், ஒரு நேரத்தில் ஒருவரையே பட்டியலைத் தொடவிடும் ஸ்பின்லாக் பூட்டைப் பிடித்துப் பட்டியலிலிருந்து கழற்று. கம்ப்ளீஷன் இன்டரப்ட் சூழலிலும் (வன்பொருள் குறுக்கிட்டு வேலை வாங்கும் நேரம்) அதே பூட்டைப் பிடிக்கும் என்பதால் இன்டரப்டை நிறுத்தும் வகைப் பூட்டு. பிறகு யூஆர்பி, அதோடு பஃபர் தானாகப் போகும். கடைசியாகக் கோரிக்கை. பஃபர் வாங்குவதே தோற்றால் கொடி இன்னும் ஏறியிருக்காது, ஆகவே அங்கிருந்து யூஆர்பியும் கோரிக்கையும் மட்டும். இதற்கெல்லாம் முன்னால், ஃபங்ஷனின் முதல் வரியிலேயே 'பலகை போய்விட்டதா' என்று பார்த்து, போயிருந்தால் எதையும் வாங்காமலே திரும்புவது. அந்த ஒரு வரி இருந்தாலே வரைபடத்துப் படிக்கட்டில் முக்கால்வாசி இருந்திருக்காது. ஆனால் சரிபார்த்ததற்கும் சமர்ப்பித்ததற்கும் நடுவில் கேபிள் விடுபடலாமே, ஆகவே இரண்டும் வேண்டும்.

நடுவே 'டெவ்எம்' வகை ஒதுக்கீட்டுக்கு மாறிவிடலாமா என்று ஒரு சபலம் வந்தது. 2007இலிருந்து இருப்பது. டிரைவர் சாதனத்தை விட்டுப் பிரியும்போது அது வாங்கிய எல்லாவற்றையும் கெர்னலே விடுவித்துவிடும். டிரைவர் தொடங்கும்போது ஒருமுறை வாங்குவதற்கு அது அருமை. ரீட் ஒவ்வொன்றுக்கும் வாங்குவதற்கு அதைப் போட்டால், பலகையைப் பிடுங்கும்வரை எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கசிவை இன்னொரு கசிவால் அடைப்பதுபோல. 2023இல் வந்த 6.5 கெர்னலில், மாறி தன் எல்லையைத் தாண்டியதும் தானாக விடுவிக்கும் வசதி சேர்ந்திருக்கிறது. இந்த இடத்துக்கு அது பொருந்தும், ஆனால் 5.10இல் இல்லை.

மெமரி கிடைக்காமல் போகும் பாதைகளைச் சோதிக்க ஃபெயில்ஸ்லாப்பைப் பயன்படுத்தினேன். ஒதுக்கீடுகளை வேண்டுமென்றே தோற்கவைக்கும் கருவி அது. குறிப்பிட்ட நிரலுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தாவிட்டால் இயந்திரம் பூராவும் தடுமாறும். அதை வைத்துப் படிக்கட்டின் ஒவ்வொரு படியிலும் இறங்கிப் பார்த்ததில் கேசானும் சும்மா இருந்தது, நிரலை மூடிய பின் கேமெம்லீக்கும் சும்மா இருந்தது. அந்த ஓட்டத்தில்தான் ரைட் ஃபங்ஷன் நினைவுக்கு வந்தது. திறந்து பார்த்தேன். ரீடிலிருந்து வெட்டி ஒட்டியது, அதே 'ரிட்டர்ன் எரர்'. பலகைக்கு நான் எப்போதாவதுதான் எழுதுவேன் என்பதால் அது ஒருநாளும் மாட்டிக்கொள்ளவில்லை. அதையும் திருத்தினேன்.

நிஜ இயந்திரத்தில் ஏற்றியபோது லூசான கேபிளை வேண்டுமென்றே மாற்றாமல் விட்டேன். நோய்க்கிருமி இருந்தால்தானே மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும். முதல் வாரம் 22 முறை இணைப்பு விட்டு வந்தது. எஸ்அன்ரீக்ளெய்ம் 40 எம்பியைச் சுற்றியே நின்றது. வரைபடத்தில் படி எதுவும் இல்லை. அளவீடு எடுக்கும் நிரலையும் 'சாதனம் இல்லை' என்று வந்தால் உடனே மூடித் திறக்கும்படி மாற்றிவிட்டேன். முன்பு ஒவ்வொரு தடவையும் பத்து நிமிட அளவீடு போய்க்கொண்டிருந்ததும் அதோடு நின்றது. கசிவைவிட எனக்கு அதில்தான் நஷ்டம் அதிகம் இருந்திருக்கிறது, இத்தனை நாள் அதைக் கவனிக்கவே இல்லை.

பதினாறாம் நாள் கேபிளை மாற்றினேன். கிரானில் ஹேஷ் போட்டு வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை வரியை இன்னும் அழிக்கவில்லை. இன்னும் ஒரு மாதம் போகட்டும்.